எந்த வாசலில் போய்ச் சொல்வது?

ஜார்ஜ் டவுனில் ஆறு சாலைகள் கூடும் சந்தியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு, முற்காலத்தில் நீராவி டிராமும் பின்னர் மின்சார டிராமும் ஆயர் ஈத்தாம் வரை ஓடிய தடத்தில், இன்று பஸ்களும் லோரிகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்துச் செல்லும் டத்தோ கிராமாட் சாலையை அறியாத பினாங்குவாசி இருக்க முடியாது. பிரான்ஸிஸ் லைட் 1786-இல் இத்தீவில் கொடியேற்றுவதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர் என்று பரம்பரைச் செய்தி கூறும் ஒரு மலாய்ப் பெரியவரின் பெயரால் வழங்கும் இவ்வட்டாரத்தில், பாடாங் பிரவுன் மைதானமும் அதன் ஓரத்து உணவுக் கடைகளும், ஈயம் உருக்கிய ஆலை இருந்த நிலத்தில் எழுந்த டைம்ஸ் ஸ்குவேர் கட்டடங்களும், பழைய கம்போங் வீடுகளும் புதிய அடுக்குமாடிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. இத்தனை பழமையும் நெருக்கமும் வாய்ந்த இடத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பஸ்தர், தம் வீட்டு முன் லோங்காங் என்னும் வடிகால் அடைத்துக்கொண்டு மழைநீர் வாசற்படி ஏறும்பொழுது, கோபம் கொள்வதற்கும் முன்னதாக, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று திகைத்து நின்றுவிடுகிறார். அந்தத் திகைப்பைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நகர சேவை என்றால் குப்பை அள்ளுவதும், வடிகால் துப்புரவு செய்வதும், விளக்கேற்றுவதும் மட்டுமே என்று கருதுவது குறைபாடுள்ள அபிப்பிராயமாகும். எந்த வேலை எந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்தது, எந்தத் தேதிக்குள் எந்த வரியைச் செலுத்த வேண்டும், எந்த அறிவிப்புக்கு எத்தனை நாளில் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்னும் விஷயங்களை ஜனங்களுக்கு விளங்கும் பாஷையில், அவர்கள் நடமாடும் இடத்தில் கொண்டுவந்து சொல்வதும் நகர பரிபாலனத்தின் அங்கமே. இந்த அங்கம் பழுதுபட்டிருக்கும்வரை, மற்ற அங்கங்கள் எவ்வளவு திறமையாக இயங்கினாலும், ஏழைக்கும் முதியவருக்கும் அவற்றின் பயன் முழுமையாகக் கிட்டுவதில்லை.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட திகைப்புக்கு இவ்வூரில் இடமிருக்கவில்லை என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. 1800-ஆம் ஆண்டிலேயே, சாலைக்கும் வடிகாலுக்கும் வேண்டிய வரியை மதிப்பிடுவதற்கென்று ஒரு சிறு குழு பினாங்கில் நியமிக்கப்பட்டது. மலாயாவில் ஊராட்சி என்னும் ஏற்பாட்டுக்கு அதுவே வித்து. 1857-இல் முனிசிபல் கமிஷன் பிறந்தது. 1951 டிசம்பர் 1-ஆம் தேதி, 15 ஸ்தானங்கள் கொண்ட ஜார்ஜ் டவுன் முனிசிபல் மன்றத்தின் 9 ஸ்தானங்களுக்கு ஜனங்கள் வாக்களித்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கெல்லாம் மூத்ததாகிய அந்த முனிசிபல் தேர்தலில், லோங்காங்கையும் சாலை விளக்கையும் பற்றிப் பேசியே வேட்பாளர்கள் வீடு வீடாகச் சென்றிருப்பார்கள் என்று நாம் துணிந்து எண்ணலாம். 1957 ஜனவரி 1-ஆம் தேதி, சுதந்திரத்துக்கு எட்டு மாதங்கள் முன்பே, இரண்டாம் எலிஸபெத் அரசியாரின் சாஸனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. மலாயாக் கூட்டரசில் அந்த அந்தஸ்தைப் பெற்ற முதல் ஊர் இதுவே.

அந்நாளைய மாநகர் மன்றம் குப்பையை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்கு வரும் தண்ணீரும், விளக்கெரிக்கும் மின்சாரமும், சாலையில் ஓடிய பஸ்ஸும், 1961 வரை ஓடிய டிராலி பஸ்ஸும், கழிவுநீரை அகற்றும் பொறுப்பும் அதன் கையிலேயே இருந்தன. 1958 முதல் சில ஆண்டுகள் அதன் மேயராக விளங்கியவர் டி. எஸ். இராமநாதன் என்னும் பள்ளி ஆசிரியர். ஸ்காட் சாலை என்று முன்பு வழங்கிய சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தண்ணீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், பஸ் தாமதித்தாலும், வட்டாரத்துக் கவுன்சிலரின் வீட்டுக் கதவைத் தட்டினால் போதுமாயிருந்தது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு அதே தெருவில் அவர் நடக்க வேண்டியிருந்தமையால், விஷயத்தை அறிவதும் அறிவிப்பதும் அவருக்குத் தவிர்க்க முடியாத கடமைகளாயின. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தன் குறையைத் தன் பாஷையில் சொல்லிவிட்டு வரலாம். அதை மனுவாக்கி அதிகாரியின் மேஜைக்குக் கொண்டுபோவது பிரதிநிதியின் வேலை.

அந்த ஒற்றை வாசல் பின்னர் படிப்படியாகப் பல வாசல்களாகப் பிரிந்தது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1966-இல் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் சென்றன. ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை வகித்த செனட்டர் ஆதி நாகப்பன், நாடெங்கும் சாட்சியங்களைத் திரட்டி 1968-இல் முடித்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே மீண்டும் வரவேண்டும் என்று பரிந்துரைத்தார். நம்மவர் ஒருவர் தலைமையில் உருவாகிய அந்த நியாயமான யோசனை ஏற்கப்படாமற் போனதும், 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்குப் பதிலாக நியமனத்தை நிலைநாட்டியதும் இந்நாட்டின் பொது வாழ்வுக்கு நேர்ந்த பெருநஷ்டங்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். பினாங்கு மாநிலம் 2012-இல் ஊராட்சித் தேர்தலை மீட்கத் தனிச் சட்டம் இயற்றியும், 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. 2015-இல் பினாங்குத் தீவு முழுவதும் மாநகரமாக உயர்ந்து, பத்தாஹியா இஸ்மாயில் என்னும் பெண்மணி மேயராகப் பதவியேற்றது மகிழ்ச்சிக்குரிய செய்தி; ஆயினும் அவரும், அவருடன் அமர்ந்த உறுப்பினர்களும் வாக்குப்பெட்டியின் வழியாக வந்தவர்கள் அல்லர்.

இதற்கிடையில் சேவைகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்து சென்றன. தண்ணீர் 1973-இல் தனி வாரியத்திடம் போய், இன்று பி.பி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் நிறுவனத்திடம் இருக்கிறது. மின்சாரம் 1976-இல் தேசிய மின்சார வாரியத்துக்குச் சென்று, பின்பு தெனாகா நேஷனலாயிற்று. கழிவுநீர்ப் பொறுப்பை 1994 முதல் இண்டா வாட்டர் ஏற்றது. பஸ்களை 2007 முதல் ரேபிட் பினாங்கு நடத்துகிறது. இந்த மாற்றங்கள் எல்லாம் தீமை என்று நான் சொல்ல வரவில்லை. கடலுக்கு அப்பால், கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து நீரை எடுத்துச் சுத்திகரித்து, கடலடிக் குழாய் வழியே தீவுக்குக் கொண்டுவரும் பெருங்காரியத்தை ஒரு நகர மன்றம் தனித்துச் செய்ய இயலாது என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், வேலையைப் பிரித்தவர்கள், எந்த வேலை எங்கே போயிற்று என்று குடிமக்களுக்கு விளக்கும் பொறுப்பை ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை.

இதனால் விளையும் சிரமத்தை டத்தோ கிராமாட்டின் மழைக்காலத்தில் கண்கூடாகக் காணலாம். திரைக்கலைஞர் பி. ராம்லி பிறந்த இல்லத்தால் புகழ்பெற்ற, கவுண்டர் ஹால் சாலை என்று முன்னாளில் வழங்கிய தெரு, தாழ்வான நிலத்தில் அமைந்திருப்பதால், கனத்த மழையும் கடலின் ஏற்றமும் ஒரே வேளையில் கூடினால் நீரில் மூழ்குகிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு நகரின் நடுவே ஓடும் சுங்கை பினாங்கு, ஏற்றக் கடல் எதிர்த்து நிற்கும்போது தன் நீரைக் கொட்ட வழியின்றித் தெருக்களுக்குள் திரும்பிவிடுவதே இதற்குக் காரணம். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பெய்த பேய்மழையில் தீவும் பெருநிலமும் தத்தளித்து உயிர்களும் பலியான துயரத்தை அனுபவித்தவர்கள், இன்றும் வானம் கறுத்தால் தூங்குவதில்லை. இந்நிலையில், வீட்டு முன் ஓடும் லோங்காங் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அது போய்ச் சேரும் ஆறோ நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் பொறுப்பு. அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மனுக் கொடுப்பவர், ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு அனுப்பப்படுவார். அவர் திரும்பி வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். குழாய் வெடித்துச் சாலையில் நீர் பீறிட்டால் அது பி.பி.ஏ.வின் காரியம், மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் கசிந்தால் வீட்டுக்காரரே குழாய்க்காரரை அழைக்க வேண்டும். மலக்கழிவுக் குழாய் பொங்கினால் இண்டா வாட்டர். சமையலறைத் தண்ணீர் போகும் லோங்காங் நாறினால் மாநகர் மன்றம். இரண்டும் ஒரே நாற்றமாக மூக்குக்குத் தெரியலாம். அலுவலகங்களுக்கு அவை வெவ்வேறு.

முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிட்டால் ஜனங்கள் எவ்வளவு பொறுமையாக இருப்பார்கள் என்பதற்குச் சமீபகால உதாரணம் ஒன்று உண்டு. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பழுதான பெரிய அடைப்பான்களை மாற்றுவதற்காக 2024 ஜனவரி 10-ஆம் தேதி முதல் சில தினங்கள் பினாங்கில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. பல வாரங்களுக்கு முன்பே அறிவிப்புச் செய்திருந்தமையால், ஜனங்கள் பீப்பாய்களிலும் வாளிகளிலும் நீர் சேமித்து அந்தத் தினங்களைக் கடந்தார்கள். அத்தகைய அறிவிப்பு பெரிய நெருக்கடிக்கு மட்டும் கிடைப்பது போதாது. தெருவை வெட்டுவதற்கும், கொசுமருந்துப் புகை அடிப்பதற்கும், குப்பை லோரியின் நேரம் மாறுவதற்கும் அதே அக்கறை வேண்டும்.

வரி விஷயத்தில் அறியாமையின் விலை இன்னும் கூடுதலானது. மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இருமுறை செலுத்தத் தக்கது. முதல் தவணைக்குப் பிப்ரவரி இறுதியும் இரண்டாம் தவணைக்கு ஆகஸ்டு இறுதியும் எல்லை. இதை நில வரியோடு குழப்பிக்கொள்பவர் பலர். அது மாநில நில அலுவலகத்துக்குரிய வேறு வரி. மதிப்பீட்டு வரி, வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டில் என்ன கிடைக்குமோ அந்த உத்தேசத் தொகையை ஆதாரமாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2005-க்குப் பிறகு மாற்றப்படாதிருந்த இந்த மதிப்பு திருத்தப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்திய ஆண்டிலேயே வீடுதோறும் கடிதங்கள் வந்தன. மதிப்பு அதிகம் என்று கருதுபவர், பட்டியலைத் திருத்துவதற்குக் குறித்த நாளுக்குப் பதினான்கு தினங்களுக்குக் குறையாமல் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று சட்டம் உரிமை தருகிறது. அதற்குக் கிடைக்கும் முடிவில் மன நிறைவில்லாவிட்டால் உயர் நீதிமன்றம் வரை செல்லலாம். ஆனால் தடித்த சட்டநடையில் எழுதிய ஒரு மலாய்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது வரி பாக்கிக்கு வந்த எச்சரிக்கையோ என்று அஞ்சி, மகன் கோலாலம்பூரிலிருந்து வரும்வரை அலமாரியில் பத்திரப்படுத்தும் தாய்க்கு, அந்தக் கெடு எப்போது வந்தது, எப்போது போயிற்று என்று எவ்வாறு தெரியும்? உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதை அறிவிக்கும் வாய் இல்லாதபோது, அது படித்தவர்களுக்கு மட்டும் உரிய சொத்தாகிவிடுகிறது.

அடுக்குமாடிகளில் குடியேறியவர்களின் நிலைமையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்போங் வீட்டையோ வரிசை வீட்டையோ விட்டுப் பத்தாவது மாடிக்குப் போன முதியவருக்கு, லிஃப்ட் ஓடாமல் நின்றுவிட்டால் அவர் சிறைப்பட்டவரே. அவர் முதலில் மாநகர் மன்றத்தைக் குறைகூறுவது இயல்பு. ஆனால் லிஃப்டும், மாடிப்படி விளக்கும், கூரைத் தண்ணீர்த் தொட்டியும் 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி வீட்டுச் சொந்தக்காரர்களே கூடி அமைக்கும் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தைப் பலர் கட்டாமல் விட்டால் குழுவின் கையில் பணம் இராது. பணம் இல்லையேல் லிஃப்ட் ஓடாது. குழு கணக்குக் காட்டாவிட்டால், மாநகர் மன்றத்திலேயே அமர்ந்திருக்கும் கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். தனி நியாயஸ்தலமும் இதற்கென உண்டு. அத்துடன், மலிவு விலை அடுக்குமாடிகளில் பழுதான லிஃப்டையும் தண்ணீர்த் தொட்டியையும் சீர்செய்ய, செலவில் 80 விழுக்காடு வரை பினாங்கு மாநில அரசு ஏற்கும் திட்டமும் நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது. மனுச் செய்தவர்கள் பயன்பெற்றார்கள். அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படாத குடியிருப்புகளில் கிழவர்களும் கர்ப்பிணிகளும் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

குப்பையைப் பற்றியும் சில வார்த்தைகள். திடக்கழிவு நிர்வாகத்தைக் கூட்டரசு எடுத்துக்கொள்ள வழிசெய்த 2007-ஆம் ஆண்டின் சட்டத்தைப் பினாங்கு ஏற்காமல், அந்தப் பொறுப்பைத் தன் ஊராட்சி மன்றங்களிடமே வைத்துக்கொண்டது. எனவே குப்பை விஷயத்தில் மட்டும் பழைய ஒற்றை வாசல் இன்னும் திறந்தேயிருக்கிறது. 2016 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கும் கொள்கையும் வந்திருக்கிறது. தீவில் சேரும் குப்பை பெருநிலத்தின் தென்கோடியில் உள்ள பூலாவ் புரோங் வரை செல்கிறது. அங்கே 2022 ஜனவரியில் மூண்ட தீ பல நாள் புகைந்ததை நினைத்தால், நாம் வாசலில் வைக்கும் ஒரு பை எவ்வளவு தூரத்தில் யாருடைய மூச்சை அடைக்கிறது என்பது விளங்கும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப் புழு காணப்பட்டால், சுகாதார அதிகாரி அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதும் பலருக்கு அபராதச் சீட்டு வந்த பிறகே தெரிகிறது.

நமக்கும் இந்த நகர சேவைக்கும் உள்ள பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. மலாயாவின் நகரங்களில் சாலை கூட்டியவர்களும், கழிவு சுமந்தவர்களும், வடிகால் வெட்டியவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியத் தொழிலாளரே. காலராவும் மலேரியாவும் இந்த ஊர்களை விட்டு அகன்றதில் அவர்கள் செய்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றும் தைப்பூசத்தன்று ரதம் டத்தோ கிராமாட் சாலையைக் கடந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்லும்பொழுது, பக்தர்கள் சாலையில் உடைக்கும் தேங்காய்கள் குன்றாகக் குவிகின்றன. ரதம் நகர்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் மாநகர் மன்றத் தொழிலாளர்கள் மண்வாரி இயந்திரங்களோடும் துடைப்பங்களோடும் வந்து, பின்னால் வரும் பக்தர்களின் வெறுங்கால்களில் ஓடு குத்தாதபடி அந்தச் சாலையைத் துப்புரவு செய்துவிடுகிறார்கள். பக்தியோடு கலந்து பார்க்கத் தக்க தொண்டு அது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆண்டுதோறும் தேங்காயின் அளவைக் குறைக்கும்படி கேட்டுக்கொள்வதில் இந்தத் தொழிலாளர்பால் உள்ள கருணையும் அடங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

தேசிய பாஷையில் அரசாங்கக் காரியங்கள் நடப்பதில் எவருக்கும் ஆட்சேபமில்லை. நம் பிள்ளைகள் அதை நன்கு கற்றிருக்கிறார்கள். ஆனால் அறிவிப்பு என்பது படிப்பவர்க்கு விளங்குவதற்காகவே செய்யப்படுவது. 2008-ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனின் தெருப்பெயர்ப் பலகைகளில் தமிழும் சீனமும் சேர்க்கப்பட்டதால் தேசிய பாஷையின் கௌரவம் சற்றும் குறைந்துவிடவில்லை. தெருவின் பெயரைத் தமிழில் எழுத முடிந்த ஊரில், அந்தத் தெருவுக்குக் குப்பை லோரி வரும் கிழமையைத் தமிழில் எழுத முடியாதா? கைத்தொலைபேசிச் செயலியில் எல்லாம் இருக்கிறது என்று அதிகாரிகள் பதில் சொல்லக்கூடும். வாகன நிறுத்தக் கட்டணம் முதல் புகார் வரை அதில் ஏறிவிட்டது உண்மையே; இளைஞருக்கு அது சௌகரியந்தான். கண்பார்வை மங்கியவருக்கும், பழைய தொலைபேசி வைத்திருப்பவருக்கும் அது மூடிய கதவு.

ஆகவே மாநகர் மன்றத்தாரை வேண்டுகிறேன். பாடாங் பிரவுன் உணவுக் கடைகளின் அருகே, காலையும் மாலையும் ஜனங்கள் கூடும் இடத்தில், நான்கு பாஷைகளிலும் ஒரு நிரந்தர அறிவிப்புப் பலகை வையுங்கள். இன்ன குறைக்கு இன்ன அலுவலகம் என்பதும், வரித் தேதிகளும், அந்த மாதம் நடக்கப்போகும் வேலைகளும் அதில் இருக்கட்டும். வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் நியமன உறுப்பினர், தமிழ் அறிந்த ஓர் உதவியாளரோடு மாதம் ஒரு மாலை அங்கே வந்து அமரட்டும். பெரிய செலவொன்றும் இதற்குத் தேவையில்லை. தேர்தல் மீண்டும் வரும் நாள் வரட்டும். அதுவரை, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் செய்துவந்த இந்த ஒரு வேலையையேனும் நியமிக்கப்பட்டவர் செய்யலாம். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், திருவிழா அழைப்பிதழ் ஒட்டும் பலகையில் வரித் தவணைத் தேதியையும் ஒட்டினால் அது தெய்வ காரியத்துக்குக் குறைந்ததாகாது.

வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்ததே என்று 1976-ஆம் ஆண்டின் சட்டமே கூறுகிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு முறையாவது போய் அமர்ந்திருக்கிறோம்? பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநில அலுவலகங்களிடம் எழுத்து மூலம் விவரம் கேட்கும் உரிமை அதனால் நமக்குக் கிடைத்திருக்கிறது. புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் அடைபட்ட லோங்காங்கின் படத்தையும் இணையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு வந்த கடிதத்தை வாங்கிப் படித்து, அதில் ஏதாவது கெடு குறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த மதிப்பீட்டுக் கடிதம் வரும்போது டத்தோ கிராமாட்டில் ஒரு தமிழ்க் குடும்பமாவது தெரியாமையால் தன் ஆட்சேப உரிமையை இழக்கக் கூடாது. அதற்கு வேண்டிய ஏற்பாட்டை உங்கள் தெருவில் இந்த மாதமே தொடங்குங்கள்.